தட்டிப் பார்த்தல்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் 25 வருஷ காலம், சூளையிலிருந்து இறக்கிய சாமான்களைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிப்பதே என் ஜீவனமாக இருந்தது. நெய்வேலிப் பக்கத்து வெண்களிமண்ணைக் கூழாகக் கரைத்து, அச்சில் வார்த்து, உலர்த்தி, கிளேஸ் பூசிச் சுட்டெடுத்த குவளையானது பார்வைக்கு எவ்வளவு லக்ஷணமாக இருந்தாலும், விரல் கணுவால் ஒருமுறை தட்டினால்தான் அதன் நிஜம் தெரியும்; பழுதற்றது கணீரென்று பதில் சொல்லும், உள்ளே மயிரிழை விரிசல் ஓடியது டொக்கென்று அமுங்கிப் போகும். கண்ணை ஏமாற்றிய விரிசல்கள் அநேகம். காதை ஏமாற்றியது அபூர்வம்.

ஓய்வு பெற்றபின், பேத்தியை நாட்டிய வகுப்புக்கு அழைத்துச் சென்று திண்ணையில் காத்திருப்பது வழக்கமாயிற்று. என் மகளைவிடச் சிறியவளான அந்த டீச்சர் ஒரு நாள், "சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்கு நீங்களும் வந்து நில்லுங்கம்மா" என்றாள். 58 வயதில் தட்டடவுக்கு நின்றேன்.

பரதத்தில் எல்லாவற்றுக்கும் முதலாவது இந்தத் தட்டடவு. முழங்கால்களை இருபுறமும் விரித்து அரைமண்டியில் அமர்ந்து, முதுகு வளையாமல், பாதத்தைப் பின்புறமாக உயர்த்தி, உள்ளங்கால் முழுவதும் ஒரே கணத்தில் தரையில் படும்படி தட்ட வேண்டும். வலது, இடது, வலது, இடது. அவ்வளவுதான். தட்டுமனையில் தட்டுக்கழி விழ, 'தையா தை' என்ற சொற்கட்டு தொடர, முதற்காலத்தில் நிதானமாக நடப்பதே இரண்டாம் காலத்தில் இரட்டித்து, மூன்றாம் காலத்தில் மறுபடி இரட்டிக்கும். சலங்கை பிற்பாடுதான், ஆரம்பத்தில் வெறுங்காலின் ஓசைக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

நான் தட்டியதும் டீச்சர் கழியை நிறுத்தினாள். "அம்மா, ரெண்டு சத்தம் கேக்குதே. வெச்சது ஒரு கால்தானே?" என்றாள். குதிகால் முந்தி, விரல்கள் பிந்தி விழுந்திருந்தன. விரிசல் விட்ட குவளையின் அதே அமுங்கிய ஓசையை என் சொந்தப் பாதத்திலேயே கேட்டேன்.

வயோதிகத்தில் ஒன்றை ஆரம்பிப்பவருக்கு நேரும் உண்மையான கஷ்டம் சரீரத்தின் தளர்ச்சி அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. குழந்தையின் காலும் பிசகுகிறது. ஆயினும் அதன் காதும் காலோடு கூடவே வளர்வதால் பிசகு அதை வருத்துவதில்லை. என் காதோ முதிர்ந்துவிட்டது, கால் இன்றுதான் பிறந்திருக்கிறது. ஆனாலும் தொழிற்கூடத்தில் டொக்கென்ற குவளை கழிவுக் குவியலுக்கே போகும், அதை மறுபடி சுட்டு ஒட்டவைக்க வழியில்லை. பாதத்துக்கோ அடுத்த தட்டு உடனே காத்திருக்கிறது. இந்தச் சலுகையை என் தொழில் எனக்கு ஒருநாளும் காட்டியதில்லை.

1904இல் பிறந்த பரதக் கலைஞர் ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935 டிசம்பரில் அடையாற்றில் அரங்கேறியபோது அவருக்கு 31 வயது. அவரது கீர்த்தியைக் காட்டிலும், குழந்தைப் பிராயத்தில் தொடங்கும் வித்தைக்கு வளர்ந்த வயதில் அரைமண்டியில் நின்ற முதல் நாளை எண்ணிப் பார்ப்பதே எனக்குத் தைரியம் தருகிறது.

எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயிலின் கோபுர வாயில்களில் நாட்டியக் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. ஆயுசு முழுவதும் அவற்றின் கீழே நடந்தவள், இப்போது நின்று பார்க்கிறேன். கை, இடை, பாதத்தின் சாய்வு யாவும் கல்லில் நிற்கின்றன. அந்தப் பாதங்கள் எழுப்பிய ஓசை மட்டும் இல்லை. அது காலிலிருந்து காலுக்குத்தான் வர வேண்டும். காலின் ஓசையையே பிரதானமாகக் கொண்ட இன்னொரு ஆட்டமும் உண்டு; ஆப்பிரிக்க வம்சத்தாரின் தாளமும் ஐரிஷ், ஆங்கிலேயக் குடியேறிகளின் ஆட்டங்களும் கலந்து அமெரிக்காவில் பிறந்த டாப் நடனத்தைப் பேத்தி கைப்பேசியில் காட்டினாள். காலணியின் அடியில் உலோகத் தகடு. அங்கே ஆரம்பப் பாடமான 'ஷஃபிள்' என்பது முன்பாதத்தை முன்னும் பின்னும் தேய்த்து வீசி இரண்டு சத்தம் எழுப்புவதாம். எனக்குக் குற்றமாய் நின்ற இரண்டு சத்தம் அவர்களுக்கு முதற்பாடம்!

நேற்று மாலை இரண்டாம் காலத்தில் ஒன்பதாவதோ பத்தாவதோ தட்டு சுத்தமாக, ஒற்றையாக விழுந்தது. டீச்சர் தலையை மட்டும் லேசாக அசைத்தாள், கழி நிற்கவில்லை. அதற்கடுத்தது மறுபடியும் இரண்டாகப் பிளந்தது.