ஒரு முகூர்த்தத்துக்காக ஒரு விமானம்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. வெள்ளி இரவு ஏறி, நண்பரின் கல்யாணத்தைப் பார்த்துவிட்டு, ஞாயிறு இரவே திரும்பிவிடலாம். தாலி ஏறுவதோ ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கெட்டிமேளம் முழங்கும்போது பாதிப் பேருக்குத் தெரிவது புகைப்படக்காரரின் முதுகுதான்.

செலவையும் அலைச்சலையும் எண்ணினால் யாரும் கிளம்ப மாட்டார்கள். உறவுக்காரர் வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பத்துப் பேர் கேட்பார்கள். நண்பர் வராவிட்டால் கேட்க ஆளில்லை. "லீவு கிடைத்திருக்காது" என்று மணமக்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். கட்டாயம் இல்லாத இடத்துக்குப் போவதில்தான் பிரியம் தெரிகிறது.

போனாலும் பேச இரண்டு வாக்கியம் கிடைத்தால் அதிர்ஷ்டம். வரிசையில் நின்று, பரிசைக் கொடுத்து, படத்துக்குச் சிரித்து இறங்க வேண்டியதுதான். இருந்தும், புதுச் சொந்தங்கள் சூழ்ந்து நிற்கும் மேடையில், தன் பழைய நாட்களை அறிந்த ஒரு முகம் எதிரே வருவது மணப்பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ பெரிய தெம்பு. மொய்யைக் கைபேசியில் அனுப்பலாம், வாழ்த்தையும் அனுப்பலாம்; இந்தத் தெம்பை நேரில்தான் கொண்டுபோக வேண்டும்.

அழைப்பு வந்திருக்கிறதா? விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் 6 மாதமாவது செல்லுபடிக் காலம் மிச்சம் இருக்கிறதா என்றும் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.