நோயாளியைக் காப்பதும் அடியிலிருந்து தப்புவதும்

நீரிழிவு உள்ள கணவர் குடிக்கிறார். குடித்த இரவுகளில் கத்துகிறார், கையில் கிடைத்ததை உடைக்கிறார், அடிக்கிறார். அவரோடு வாழும் மனைவிமேல் இரண்டு பொறுப்புகள் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன: அவருடைய உயிரைக் காப்பது, தன்னையும் பிள்ளைகளையும் அவரிடமிருந்து காப்பது. இரண்டும் மோதும்போது எதற்கு முதலிடம் என்ற கேள்விக்குக் குடும்பங்களில் ஆயத்தமாக ஒரு பதில் உண்டு. "சுகர் இருக்கிற மனுஷன், கோபம் வரத்தான் செய்யும். நீதான் அனுசரிச்சுப் போகணும்." நோயின் பெயரால் அடியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் இந்த அறிவுரை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதற்குள் உடலைப் பற்றிய ஓர் உண்மை கலந்திருக்கிறது. அதைப் பிரித்தெடுத்தால்தான் எஞ்சிய பகுதியின் அநியாயம் தெரியும்.

சாப்பிடாத நேரங்களில் இரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். சேமித்து வைத்ததை முதலில் விடுவிக்கும். அது குறையும்போது புதிதாகத் தயாரிக்கும். மது உள்ளே போனால் கல்லீரல் அதைச் சிதைப்பதில் முனைந்துவிடுவதால் புதிய சர்க்கரை தயாராவது தடைப்படுகிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவரோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவரோ இரவு உணவைத் தவிர்த்துவிட்டுக் குடித்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். குடித்த சில மணி நேரத்திலும் இது நடக்கும், மறுநாள் விடியற்காலையிலும் நடக்கும். ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் மூளையே தடுமாறும். வியர்வை, நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம், காரணமற்ற எரிச்சல், உதவ வருபவரையே தள்ளிவிடும் மூர்க்கம் எல்லாம் வரலாம். இவற்றில் பெரும்பாலானவை போதையின் அறிகுறிகளும்கூட. வாயில் சாராய வாசனையும் சேர்ந்துவிட்டால், "போதையில் கிடக்கிறார், தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். அப்படி விடப்படுபவர் எழாமலே போகலாம்.

ஆகவே இந்த ஒரு நிலையில் துணைவரின் கடமை ஐயத்துக்கு இடமில்லாதது. அருகே போவது பாதுகாப்பு என்றால் விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரோ 15 கிராம் குளுக்கோஸோ தரலாம். 15 நிமிடம் கழித்து மறுபடி அளந்து பார்த்து, ஏறியபின் உணவும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அருகே போக முடியாதபடி அவர் முரண்டு பிடித்தால், பூட்டிய கதவுக்கு வெளியே நின்றபடி 108ஐ அழைப்பதும் அதே கடமையை நிறைவேற்றுவதுதான். நேற்று அடித்தவர் என்பதற்காக இன்று சாகவிடுவது நியாயமாகாது. இதில் பெரும்பாலான மனைவியருக்கு ஐயமே எழுவதில்லை. அவர்கள் தவறாமல் செய்வதைத்தான் குடும்பங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கின்றன.

அடுத்தது குற்றம் யாருடையது என்ற கேள்வி. சர்க்கரை தாழ்ந்து தன்னுணர்வு இழந்த நிலையில் ஒருவர் கை ஓங்கினால், அந்தக் கணத்தில் அவர் அதைத் தேர்ந்து செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணத்துக்கு முன்னும் சில மணி நேரம் இருந்ததே. இங்கிலாந்தில் 1973இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த குயிக் வழக்கு இதைத் துல்லியமாகத் தொட்டது. மனநல மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஆண் செவிலியர் தன் பராமரிப்பில் இருந்த நோயாளியைத் தாக்கினார். அவர் நீரிழிவு உள்ளவர். அன்று இன்சுலின் போட்டுக்கொண்டு, சரியாகச் சாப்பிடாமல் மது அருந்தியிருந்தார். நடந்தது எதுவும் நினைவில் இல்லை என்றார். அவர் தன்னுணர்வின்றிச் செயல்பட்டாரா என்பதை ஜூரிகள் முன் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. கூடவே ஒன்றைத் தெளிவாக்கியது: மருத்துவர் எச்சரித்தும் மருந்தோடு மதுவைச் சேர்ப்பது, இன்சுலின் போட்டபின் வேளைக்குச் சாப்பிடாமல் இருப்பது போன்ற, முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய காரணத்தால் வந்த தன்னுணர்வின்மை மன்னிப்பைத் தராது. 1983இல் வந்த பெய்லி வழக்கில் இந்தச் சிந்தனை இன்னும் ஓர் அடி முன்னே போனது. சாப்பிடாமல் விட்டால் தான் மூர்க்கமாகவோ கட்டுப்பாடின்றியோ நடந்துகொள்ளக்கூடும் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியுமா என்பதே அங்கே முக்கியமாகக் கருதப்பட்டது. இந்தியச் சட்டமும் தானே விரும்பிக் குடித்த போதையை விலக்காக ஏற்பதில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 23ஆம் பிரிவு தெரியாமலோ விருப்பத்துக்கு மாறாகவோ ஊட்டப்பட்ட போதைக்கு மட்டுமே இடம் தருகிறது.

சட்டம் தண்டனைக்காகக் கேட்கும் கேள்வியை வீட்டுக்குள் அறத்துக்காகவும் கேட்கலாம். முதல் முறை நடந்தபோது கணவருக்கு விஷயம் தெரியாமல் இருந்திருக்கலாம். மறுநாள் காலை என்ன நடந்தது என்று மனைவி சொன்ன பிறகு, மருத்துவர் எச்சரித்த பிறகு, நிலைமை மாறிவிடுகிறது. அதற்குப் பின் வரும் ஒவ்வொரு இரவுக்கும் அவர் பொறுப்பாளி. பாட்டிலைத் திறந்தபோதும் சாப்பாட்டைத் தள்ளிவைத்தபோதும் அவர் தெளிவாகத்தான் இருந்தார். குடிநோய் அந்தத் தெளிவையே அரித்துவிடும் என்ற மறுப்பு இங்கே எழலாம். அதில் உண்மை உண்டு. குடிநோயாளியால் நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாமல் போகலாம். ஆனால் போதை இல்லாத நேரத்தில் உதவி கேட்கவோ வருகிற உதவியை ஏற்கவோ பெரும்பாலானோரால் முடியும். அதற்குரிய பொறுப்பு அவரை விட்டு நீங்குவதில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். வீடுகளில் விழும் அடிகளில் பல தாழ்சர்க்கரையால் விழுபவை அல்ல. மீட்டர் 220 காட்டும்போது விழும் அடிக்குத் தாழ்சர்க்கரை காரணமாக இருக்க முடியாது. சர்க்கரை ஏறியிருந்தால் சோர்வும் எரிச்சலும் வரலாம். மனைவியை மட்டும் தேடிவந்து அடிக்கும் குணம் அதனால் வராது. டாஸ்மாக் மதுக்கடை வாசலில் தன்னை இடித்தவரிடம் அடங்கிப் போனவர், தெருவில் காவலரைக் கண்டதும் குரலைத் தாழ்த்தியவர், வீட்டுக்குள் நுழைந்ததும் ஓங்குகிறார் என்றால் அங்கே கட்டுப்பாடு இழக்கப்படவில்லை. யாரிடம் காட்டலாம், யாரிடம் கூடாது என்ற கணக்கு நன்றாகவே வேலை செய்கிறது. பல வீடுகளில் பேசப்படாத ஒன்றும் இதில் உண்டு. நீண்ட கால நீரிழிவும் குடியும் ஆணின் பாலுறவுத் திறனைப் பாதிக்கக்கூடியவை. அந்த அவமானம் மருத்துவரிடம் போய்ச் சேராமல் மனைவியின் நடத்தைமேல் சந்தேகமாகத் திரும்புகிறது. நாட்பட்ட குடியோடு வரும் இத்தகைய சந்தேகம் உளமருத்துவர்கள் நன்கறிந்த ஆபத்து. இந்த நிலையில் மனைவி தன் கற்பை நிரூபிக்க முயல்வது பயனற்றது. பாதுகாப்பு ஏற்பாடுதான் அவசரமானது.

காப்பாற்றும் கடமையோடு வேறு பல சுமைகளும் கடமை என்ற பெயரில் ஏற்றப்படுகின்றன. அலுவலகத்துக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று சொல்வது, குடிக்கடனை நகையை வைத்து அடைப்பது, காயத்தை மறைத்துப் பக்கத்து வீட்டில் சிரிப்பது இவையெல்லாம் அக்கறையாகத் தோன்றும். குடியின் விளைவு குடிப்பவரைச் சேராதபடி தடுப்பதுதான் இவற்றின் பலன். வெளியே குடித்து விழாமல் கண்ணெதிரில் குடிக்கட்டும், அளவாகச் சாப்பாடும் போட்டுவிடலாம் என்று வீட்டிலேயே அனுமதிப்பது தீர்மானிக்கக் கடினமான விஷயம். சாப்பிட்டபின் குடிப்பது வெறும் வயிற்றில் குடிப்பதைவிடத் தாழ்சர்க்கரை ஆபத்துக் குறைவானது என்பதால் மருத்துவ ரீதியில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. குடித்தால் அடிப்பவர் விஷயத்தில் அந்த நியாயம் செல்லாது. அங்கே பாதுகாப்பாக்கப்படுவது அவர் உடல் மட்டும், மற்றவர்களின் உடல்கள் அல்ல. குடித்திருக்கும்போது வாதிட்டுத் திருத்த முயல்வதன் வீண்மையை வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்திலேயே சொல்லியிருக்கிறார். பேச வேண்டியதைத் தெளிந்த காலையில் பேசலாம், முடிந்தால் மூன்றாம் மனிதர் ஒருவர் முன்னிலையில்.

அவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரையைக் கலந்து கொடுப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று விளம்பரப்படுத்தப்படும் மருந்துகளில் மனைவியர் நம்பிக்கை வைப்பது அவர்களுடைய கையறு நிலையைக் காட்டுகிறது. 1940களின் இறுதியில் டென்மார்க்கில் குடிநோய்க்கான மருந்தாக அறியப்பட்ட டைசல்பிராம், மதுவோடு சேர்ந்தால் முகம் சிவப்பது, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்தம் சரிவது போன்ற கடும் எதிர்வினையை உண்டாக்கும். விஷயம் அறிந்து, மதுவைத் தவிர்க்க முடிவெடுத்தவருக்கு மருத்துவர் கண்காணிப்பில் அது துணையாகும். தெரியாமல் உட்கொண்டவர் வழக்கம்போலக் குடித்தால் எதிர்வினை உயிரையே பறிக்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இதய நோயும் மறைந்திருப்பது சாதாரணம். வியர்வையும் படபடப்பும் தாழ்சர்க்கரையைப் போலவே தோன்றுவதால் காப்பாற்ற வருபவரும் குழம்புவார். எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்தாலும் இது தவறு. ஒருவர் உடலுக்குள் அவர் அறியாமல் மருந்து செலுத்தும் உரிமை திருமணத்தால் யாருக்கும் கிடைப்பதில்லை.

"இன்றே நிறுத்து" என்ற வற்புறுத்தலிலும் கவனம் தேவை. பல ஆண்டுகள் நாள்தோறும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பும், தொடர்ந்து பிதற்றலும் வரலாம், சர்க்கரையும் நிலைகொள்ளாது. நிறுத்துவது மருத்துவமனையில் நடக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது சார்ந்த மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. மற்றவர்மேல் வன்முறை காட்டும், தானே முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ளவரை, 89ஆம் பிரிவின்படி தகுதியுள்ளோர் இருவர் தனித்தனியே பரிசோதித்த பிறகு, 30 நாள் வரை சேர்க்க வழியுண்டு. உரிமம் இல்லாத மையத்தில் கையைக் காலைக் கட்டிக் கொண்டுபோய்ப் போடுவது அதன் கீழ் வராது. டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையை 1980இல் சென்னையில் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். நோயாளியோடு குடும்பத்தினருக்கும் சேர்த்து ஆலோசனை தரும் முறையை அங்கே வளர்த்தார். மனைவிக்கு உதவி தேவை என்பது அதில் கணவரின் சிகிச்சைக்கு ஒரு துணைக்கருவியாக மட்டும் பார்க்கப்படவில்லை.

அரசின் பங்கையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் இருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. மாத்திரை கொடுக்க வரும் ஊழியர் "குடிப்பாரா, வீட்டில் அடி உண்டா" என்று இரண்டு கேள்விகள் கேட்டு, பதிலை ரகசியமாக வைத்து, உரிய இடத்துக்கு அனுப்பும் வழக்கம் வந்தால் பல உயிர்கள் காப்பாற்றப்படலாம். தான் விற்பதன் விளைவை விசாரிக்கும் கடன் விற்பவருக்கு உண்டு.

பிரிந்து போக நினைக்கும் மனைவியைத் தடுத்து நிறுத்தும் அச்சம் ஒன்று உண்டு: "நான் போன இரவில் சுகர் இறங்கிச் செத்துப்போனால்?" இந்த அச்சம் அவள் மனசாட்சியின் சான்று, ஆனால் கடமையின் சான்று ஆகாது. ஆபத்தில் உதவும் கடமையைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம். அவருடைய அண்ணனிடமோ நண்பரிடமோ வீட்டுச் சாவியும் குளுக்கோஸும் மருந்துப் பட்டியலும் தரலாம். குடி பற்றி மருத்துவரிடம் சொல்லி, தாழ்சர்க்கரை உண்டாக்காத மருந்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்கச் சொல்லலாம். அடி வாங்குவதைப் பகிர்ந்துகொள்ள யாரும் வரமாட்டார்கள். அவள் அருகிலிருந்த இரவுகளிலும் அவர் குடித்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் இருந்தால் முடிவு இன்னும் தெளிவாகிறது. அப்பாவின் நோயைத் தாங்கும் பொறுப்பை எந்தக் குழந்தையும் ஏற்றுப் பிறக்கவில்லை.

போகாமல் இருக்கவும் வழியுண்டு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பகிர்ந்து வாழும் வீட்டில் இருக்கும் உரிமையைப் பெண்ணுக்குத் தருகிறது. 18ஆம் பிரிவின்படி வன்முறைக்குத் தடை ஆணை பெறலாம். 19ஆம் பிரிவின்படி அடிப்பவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் ஆணையும் பெறலாம். பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் நீதித்துறை நடுவரிடம் நேரடியாகவும் மனு செய்யலாம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் வழிகாட்டுவார்கள். நோயாளியை நீதிமன்றத்துக்கு இழுப்பதா என்ற குற்ற உணர்ச்சி எழலாம். சிகிச்சைக்கு யார் சொல்லியும் போகாதவர் ஓர் ஆணையின் பின்தான் போனார் என்பதும் நடப்பதுண்டு. அப்படி நடக்காவிட்டாலும் ஆணை கேட்டது சரியே, ஏனெனில் அது கேட்கப்படுவது மனைவியின் பாதுகாப்புக்காக.

அவர் குடியை நிறுத்திவிட்டார், சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது, அழைக்கிறார் என்றால் திரும்பிப் போக அவள் கடமைப்பட்டவளா? இல்லை. விரும்பினால் போகலாம், அந்த விருப்பத்தைப் பலவீனம் என்று பழிக்க எவருக்கும் உரிமை இல்லை. மறுத்தால் அதை வன்மம் என்று சொல்லவும் உரிமை இல்லை. போவதாக இருந்தால் சில நிபந்தனைகளை முன்வைப்பது நியாயம்: சிகிச்சை தொடர வேண்டும், அதைச் சிகிச்சை தருபவரிடமே அவள் கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் சம்மதிக்க வேண்டும், வீட்டில் மது இருக்கக் கூடாது, மறுபடி கை ஓங்கினால் எங்கே போவது என்பது முன்பே தீர்மானமாக இருக்க வேண்டும். பழைய அடிகளை அவர் "சுகர்" கணக்கில் எழுதாமல் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறாரா என்பதையும் அவள் கவனிக்கலாம். அதைப் பார்த்து முடிவெடுக்க எத்தனை மாதம் வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கலாம்.