அடுத்தவனுக்கு வாங்கும் கார்

முதன்முதலாக ஒரு கார் வாங்க யோசிக்கிறேன் என்று சொன்னதும் ஊரில் என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி: "சேர், விக்கக்குள்ள விலை போகுமா?" இன்னும் வாங்கவேயில்லை; அதற்குள் விற்பது பற்றிய கவலை!

இதை வெறும் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில், பல வருடங்கள் ஓடிய கார்கள்கூட வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலைபோயின. ரூபாயின் பெறுமதி சரிந்த நாட்டில், சேமிப்பை இரும்பாக்கி வாசலில் நிறுத்தியவனே விவேகி என்றாயிற்று.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. விலை குறையக்கூடாது என்பதற்காக வாங்கிய காரை எப்படிப் பாவிப்பது? இருக்கையின் பொலித்தீன் உறையைக் கழற்றப் பயம். வயல் வீதியில் இறக்கப் பயம். சுகமில்லாத பிள்ளையை ஏற்றினால் வாந்தி எடுத்துவிடுமோ என்று பயம். பெயருக்குத்தான் நான் சொந்தக்காரன்; உண்மையில், என்றோ வரப்போகும் முகந்தெரியாத ஒருவரின் காருக்குக் காவற்காரன். லீசிங்கில் எடுத்தாலோ, பதிவுப் புத்தகத்திலேயே முழு உரிமையாளர் நிதி நிறுவனம்தான்.

கிராமத்தில் கார் என்பது ஒரு வீட்டோடு நிற்கும் பொருளல்ல. 1990 அம்பியூலன்ஸ் சேவை இன்று நாடெங்கும் உண்டு. என்றாலும் நடுநிசியில் பிரசவ வலி கண்டால், கார் நிற்கும் வீட்டுக் கதவைத்தான் அயலவர் முதலில் தட்டுவர். அப்போது சாவியை எடுக்கத் தயங்க வைக்கும் கார், என்ன விலை போனாலும் நல்ல காரல்ல.

2022இல் கியூஆர் முறை தொடங்கியபோது எல்லாக் கார்களுக்கும் வாரம் 20 லீற்றர்தான். அந்தப் பங்கீட்டில் 796 சீசீ ஆல்டோ, பெரிய எஞ்சின் கார்களை விட வெகுதூரம் ஓடியது. சிறியதன் அருமை அன்று தெரிந்தது.

ஆகவே எனது அளவுகோல் இது: தவணை, காப்புறுதி, எண்ணெய்ச் செலவு போக வீட்டுச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் குறைவு வரக்கூடாது. பழுதானால் ஊர் மெக்கானிக்கால் திருத்த முடிய வேண்டும். கீறல் விழுந்தால் நித்திரை கெடக்கூடாது. அடுத்தவனை நினைத்துத்தான் கார் வாங்குவதென்றால், பத்து வருடம் கழித்து விலை பேச வருபவனை விட அடுத்த வீட்டுக்காரனை நினைத்து வாங்குவது மேல்.