மருந்தின் வலிமை யாருடையது?

பாமன்கடையில் ஒருவன் தடிமனுக்கென வைத்தியரைக் கேளாது நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி உண்கிறான் எனக் கொள்வோம். தன் உடல், தன் பணம். பிறர்க்கு யாது கேடு?

தடிமன் வைரசால் வருவது. அம்மருந்து அதனைத் தீண்டாது. ஆயின், அவனது குடலில் வாழும் பற்றீரியாக்களுள் மருந்தைத் தாங்கவல்லவை எஞ்சிப் பெருகும். 1989 இல் ஸ்ரோக்ஸ், ஹோல் என்போர் 'இன்ரெக்ரோன்' எனப் பெயரிட்ட பரம்பரையலகு அமைப்பு, வெவ்வேறு மருந்துகளை எதிர்க்கும் ஆற்றல்களை ஒருங்கே கோத்துவைக்கும். வேற்றினப் பற்றீரியாவுக்கும் அது கைமாறக்கூடும். அவை கழிவுநீரோடு வெள்ளவத்தைக் கால்வாயை அடையின், அயலவனின் மதில் அவற்றைத் தடுக்காது.

பெனிசிலினைக் கண்டறிந்த பிளெமிங், 1945 இல் தம் நோபல் உரையில், மருந்தைக் குறைவாக உண்ட கணவனிடமிருந்து எதிர்ப்புக் கிருமி தொற்றி மனைவி இறப்பதாகக் கற்பனைசெய்து, முதற் பொறுப்பாளி கணவனே என்றார்.

எனினும், நாட்கூலியை இழந்து அரசாங்க வைத்தியசாலையில் காத்திருக்க இயலாதவனை மட்டும் பழித்தல் அறமாகாது. விற்பவனுக்கும் சமுதாயத்துக்கும் அப்பழியிற் பங்குண்டு. மருந்து வாங்கியவனுடையது, அதன் வலிமையோ எல்லோர்க்கும் பொது.