மாலுமியின் சொல்லும் மொழிபெயர்ப்பாளன் கடமையும்

மொழிபெயர்ப்பு என்பது ஒரு மொழிச் சொல்லுக்கு ஈடாக மற்றொரு மொழிச் சொல்லை வைக்கும் வேலையே எனக் கருதுவோர் நம்மிடையே உளர். நல்ல அகராதியொன்று கையிலிருந்தாற் போதும் என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு எத்துணை வலுவற்றது என்பதை, பழைய பிரெஞ்சுக் கப்பற்சொற்களை ஆங்கிலத்திற் பெயர்க்கும்போது எழும் இடர்ப்பாடுகள் நமக்குக் காட்டுகின்றன.

மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பலில் முன்னே நிற்பதைப் பிரெஞ்சு மாலுமி 'மிசேன்' மரம் என்பான். ஆங்கில மாலுமியிடம் 'மிசன்' என்றொரு சொல் உண்டு. இரண்டும் உறவுடைய சொற்களே. ஆயின், ஆங்கிலேயன் அச்சொல்லாற் சுட்டுவது பின்மரத்தை. அப்பின்மரத்துக்குப் பிரெஞ்சில் 'ஆர்த்திமோன்' என்று வேறு பெயர் வழங்குகின்றது. ஒலியை நம்பிப் பெயர்ப்பவன், புயல் முன்மரத்தை முறித்த செய்தியைப் பின்மரம் முறிந்த செய்தியாக்கிவிடுவான். மேசையருகே இருப்பவனுக்கு இது சிறு பிழை. கப்பலிலே கயிறு பற்றி நிற்பவனுக்கோ உயிர்ப் பிரச்சினை.

இதனை நன்குணர்ந்தவர் வில்லியம் பால்க்கனர். எடின்பரோ நகரத்து நாவிதர் ஒருவரின் மகன். இளமையிலேயே கடலுக்குச் சென்றவர். 1769இல் அவர் வெளியிட்ட கப்பற்கலை அகராதியின் இறுதியில், பிரெஞ்சுக் கடற்சொற்களின் ஆங்கிலப் பெயர்ப்பும் இடம்பெற்றது. தொழிலின் சொற்களைத் தொழிலாளியாய் நின்று கற்றவரின் பணி அது. அவ்வாண்டிலேயே 'அரோரா' என்னும் கப்பலிற் புறப்பட்ட அவர், நன்னம்பிக்கை முனையைக் கடந்தபின் கப்பலோடு மறைந்துபோனார்.

தொழிலறிவு மட்டும் தீர்த்துவைக்க முடியாத சொற்களும் உள. 'ஷியூர்ம்' என்பது அத்தகையது. தண்டு வலித்துச் செலுத்தப்பட்ட பிரெஞ்சு அரசின் போர்க்கலங்களில், ஒரு தண்டுக்கு ஐவராகப் பலகையிற் பிணிக்கப்பட்டிருந்த மனிதர் கூட்டத்தை அச்சொல் குறித்தது. குற்றவாளிகள், விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள், 1685ஆம் ஆண்டு மதவுரிமை பறிக்கப்பட்ட புரட்டஸ்தாந்தர் ஆகியோர் அதில் இருந்தனர். அவர்களுள் ஒருவரான ஜான் மார்த்தேய் 1701இல் தண்டனை பெற்று 1713இல் விடுதலையானார். அவர் எழுதிய வரலாற்றை 1758இல் ஆங்கிலத்திற் பெயர்த்தவர் ஒலிவர் கோல்ட்ஸ்மித்.

'ஷியூர்ம்' என்பதைக் 'கப்பற்பணியாளர்' என்று பெயர்த்தால் வாசகம் இனிது ஓடும். ஆனால் பணியாளன் கூலி பெறுபவன். கரை சேர்ந்ததும் இறங்கிச் செல்பவன். அவனைக் குறிக்கப் பிரெஞ்சிலேயே 'எக்கிப்பாஜ்' என்ற வேறு சொல் இருந்தது. 'ஷியூர்ம்' என்பதன் வேரோ, தண்டு வலிப்போரை ஏவும் குரலைக் குறித்த பழைய கிரேக்கச் சொல். ஏவியவனின் குரலே ஏவப்பட்டோரின் பெயராயிற்று!

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மொழிபெயர்ப்பாளன் நீதிபதியல்லன், மூலத்தில் இல்லாத கண்டனத்தைச் சேர்க்க அவனுக்கு உரிமையில்லை என்பர். உண்மை. நாமும் சேர்க்கச் சொல்லவில்லை. சங்கிலி மூலச் சொல்லிலேயே இருக்கின்றது. அதனைக் கழற்றிவிட்டுக் 'கப்பற்பணியாளர்' என்றெழுதுவதே மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகும். அது அடிமையை விடுவிப்பதன்று. அவன் பட்ட துன்பத்துக்கான சாட்சியை அழிப்பது.

பிரெஞ்சு அரசு 1748இல் அக்கலங்களின் படையைக் கலைத்துவிட்டது. சொல் மட்டும் பழைய ஏடுகளில் எஞ்சியுள்ளது. ஒரு சொல்லுக்கு நான்கு சொற்கள் தேவைப்படினும், 'தண்டோடு பிணிக்கப்பட்ட மனிதர் கூட்டம்' என்றே எழுதுவோம். நடையின் அழகு சிறிது குறையலாம். அந்தப் பலகையில் இருந்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அதனினும் பெரிது.