இடைவேளை பதினைந்து நிமிடம்

எங்கள் வட்டார விளையாட்டரங்கம் சிறியது. பயிற்றுவிப்பாளர் போடும் சத்தம் பார்வையாளர் வரிசைவரை கேட்கும். ஓர் அணியின் வலப்பக்கம் மறுபடி மறுபடி உடைகிறது. அங்கே தற்காக்கும் பையனுக்கு மூச்சு வாங்குகிறது. "ஆளை மாத்துங்கண்ணே!" என்று பின்னால் ஒருவர் கத்துகிறார். கோட்டோரம் நிற்பவரோ, போட்ட திட்டத்தை விடாதே என்கிறார். எத்தனையோ அணிகளில் இதைப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது.

சிங்கப்பூர்த் தேசிய அணியிலும் இதே கதைதான். அதற்குப் பயிற்றுவிப்பாளர் ராடி அவ்ராமோவிச் 2004, 2007, 2012 என மூன்று முறை ஆசியான் கிண்ணத்தை வென்று தந்தார். பின்னால் வந்த பெர்ண்ட் ஸ்டாங்கே, பந்தைக் காலிலேயே வைத்திருந்து ஆடும் அழகான காற்பந்தை விரும்பினார். 2014ல் நடப்பு வெற்றியாளர் நாம். சொந்த மண்ணிலேயே மலேசியாவிடம் 1-3 எனத் தோற்றுப் பிரிவுச் சுற்றோடு வெளியேறினோம். அடுத்து வி. சுந்தரமூர்த்தி. 1993ல் புருணைக்கு எதிராக அந்தரத்தில் மல்லாந்து அவர் உதைத்த கோலை யார் மறப்பார்கள்? அப்பேர்ப்பட்டவரின் அணி 2016 ஆசியான் கிண்ணத்தில் தற்காத்துத் தற்காத்தே மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோலுடன் திரும்பியது. அந்தக் கோலால் இந்தோனீசியாவை முந்தியிருந்தும் 1-2 எனத் தோற்றோம்.

தாக்கி ஆடுவதும் சரி, தற்காத்து ஆடுவதும் சரி, எனக்கு இரண்டும் சம்மதம்தான். கண்ணெதிரே நடப்பதைப் பார்த்தும் முன்னரே எடுத்த முடிவில் நிற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மூத்தவளுக்குப் பலித்த துணைப்பாட வகுப்பை இளையவன் தலையிலும் கட்டும் பெற்றோரை எங்கள் புளோக்கிலேயே பார்க்கிறேன். அவன் முகம் வாடுவது அவர்களுக்கும் தெரிகிறது. ஆனால் ஒருமுறை கைகொடுத்த வழியை விட்டால், அதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமோ என்று பயம். பயிற்றுவிப்பாளருக்கும் அதே பயம்தான் என்று நினைக்கிறேன். அவருக்கு ஆயிரம் பேர் பார்க்க அதைக் கடக்க வேண்டியிருக்கிறது. கடினம்தான், ஆனால் அதற்குத்தானே அவர் அங்கே நிற்கிறார்?

முடியாத காரியமில்லை. 2025 அக்டோபரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், கோவாவில் இந்தியா முதலில் கோல் போட்டும் சோங் உய்யங்கின் இரண்டு கோல்களால் வென்றோம். நவம்பர் 18 அன்று ஹாங்காங்கில் இடைவேளையின்போது 0-1. தற்காலிகப் பொறுப்பிலிருந்த கேவின் லீயின் பையன்கள் பிற்பாதியில் வேறோர் அணியாக வந்தார்கள். ஷவால் அனுவார், இல்ஹான் ஃபாண்டி அடுத்தடுத்து இரண்டு கோல். 1984ல் ஏற்று நடத்தும் நாடாக ஆசியக் கிண்ணத்தில் ஆடினோம். தகுதிச் சுற்றில் வென்று போவது இதுவே முதல்முறை.

2027ல் சவூதியில் நடக்கும் ஆசியக் கிண்ணத்தில் நம்மைவிடப் பலமான அணிகள் காத்திருக்கும், தோற்கலாம், பரவாயில்லை. நம் பலவீனத்தை எதிரணி கண்டுபிடித்த பிறகு நம் பக்கத்துக் கோட்டோரத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கப் போகிறேன்.