எதைக் கேட்டு வேண்டுவது?

கூம்புக் கருவிழி நோயுள்ள என் வலக்கண்ணில் போன ஆண்டு உள்படலம் கிழிந்து நீர் கோத்துக்கொண்டது. வீக்கம் வடிந்தும் நடுவில் வெண்தழும்பு நின்றுவிட்டது. இனி லென்ஸ் உதவாது, கருவிழியையே மாற்ற வேண்டும். கண் வங்கியில் பெயர் பதிந்தாயிற்று.

அன்றிலிருந்து சாமி விளக்கின் முன் எனக்கு வார்த்தை வருவதில்லை. "சீக்கிரம் கண் கிடைக்கட்டும்" என்றால், யாரோ சீக்கிரம் சாகட்டும் என்றல்லவா ஆகிறது? அம்மா காளத்திக்கு நேர்ந்துகொண்டாள். அங்கே கண்ணப்பர் உயிரோடிருக்கையிலேயே தன் கண்ணை அகழ்ந்து சிவனுக்கு அப்பினார். 1905-இல் எட்வர்ட் சிர்ம் முதன்முதலாகக் கருவிழி மாற்றி வென்றபோதும், காயத்தால் கண் அகற்றப்பட்ட சிறுவனிடமிருந்தே அது வந்தது, அவன் உயிரோடிருந்தான். எனக்கு வரப்போவது அப்படியல்ல.

ஆனால் சாவு என் வேண்டுதலைக் கேட்டு வருவதில்லை, அது பாட்டுக்கு வரும். வேண்டுதலுக்கு இடமிருப்பது அதற்குப் பிந்தைய ஆறு மணி நேரத்தில்தான். அதற்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். அழுகைக்கு நடுவே ஒருவர் இறந்தவரின் இமைகளை மூடி, மின்விசிறியை நிறுத்தி, ஈரப்பஞ்சு வைத்து, கண் வங்கிக்குப் போன் போட வேண்டும். "மறுபிறவியில் குருடாகப் பிறப்பார்" என்று எந்தப் பெரியவரும் தடுக்கக் கூடாது. அந்தப் பேச்சு எனக்குக் கோபமூட்டுகிறது. முழு உடலையும் தீக்குக் கொடுக்கிற நாம் கண்ணுக்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கிறோம்?

இப்போதெல்லாம் முகம் தெரியாத அந்த வீட்டுக்காகத்தான் வேண்டுகிறேன்: போன் போடுகிறவருக்குத் தைரியம் வேண்டும், போகிறவர் வலியில்லாமல் போக வேண்டும்.